செங்கரட்டில் ஒரு மீட்டர்காரர்

எந்தக் கல்லையும் தடியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்காமல் அவர் மிதித்ததில்லை. மாதக்கணக்காகத் தினமும் மிதித்த கல்லாக இருந்தாலும் சரி, அன்றைக்குத்தான் புதிதாகப் பார்ப்பதுபோல ஒரு தட்டு. சத்தம் மனசுக்குப் பிடித்திருந்தால்தான் கால் வைப்பார். நேற்று நன்றாகத்தானே இருந்தது என்று ஒருமுறை கேட்டேன். "நேத்து இருந்தது நேத்தோட போச்சி. நாம போனதுக்கு அப்புறம் இது என்ன பண்ணுச்சின்னு நீ பாத்தியா?" என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஊரில் அவரை மீட்டர்காரர் என்றுதான் சொல்வார்கள். அவருக்கு ஒரு பெயர் இருந்தது, எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை, அவர் மனைவி உட்பட. முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து அட்டையில் எழுதும் வேலை. நல்லம்பள்ளியைச் சுற்றி அவர் ஏறாத படி கிடையாது. நான் அவரை அறிந்தபோது ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கையில் அட்டை இல்லையே தவிர, பார்வை அப்படியே இருந்தது. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மனிதர்களைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரில் ஓடும் ஒயரைத்தான் பார்ப்பார்.

நான் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. ஊரடங்குக் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றதும் கணவரும் நானும் அவருடைய ஊருக்கே வந்துவிட்டோம். அவர் நல்லம்பள்ளியில் மோட்டார் பழுது பார்க்கும் கடை போட்டார். நான் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகெலும்பில் ஒரு தட்டு விலகியது. தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். நெடுஞ்சாலைப் பக்கம் லாரிகள். எனவே கரட்டுக்குப் போனேன்.

ஊர் முடிகிற இடத்தில் முனியப்பன் கோவில். அதன் பின்னாலிருந்தே கரடு ஆரம்பித்துவிடும். மலை என்று சொல்லுமளவுக்கு உயரம் கிடையாது. அகலமாகப் படுத்துக்கிடக்கும் ஒரே செம்பாறை. மண்ணும் சிவப்பு. துரிஞ்சி, கிளுவை, சப்பாத்திக்கள்ளி தவிரப் பச்சை என்று கண்ணில் படாது. வெயில் காலத்தில் எட்டு மணிக்கெல்லாம் பாறை தோசைக்கல்லாகிவிடும். ஆனால் காலை ஆறு மணிக்கு, வெயில் சாய்வாக விழும்போது, அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். மூன்று வழிகள் உண்டு. கோவிலிலிருந்து சமதளமாகச் சுனைக்குப் போவது ஒன்று. இடுப்பைச் சுற்றுவதுபோலக் கரட்டைச் சுற்றிவரும் ஆட்டுவழி ஒன்று. மொட்டைப்பாறை உச்சிக்குப் போவது மூன்றாவது. மூன்றுமே சுலபம். மூட்டுவலிக்காரர்கூட நின்று நின்று போய்விடலாம்.

முதல் நாளே கோவில் திருப்பத்தில் அவர் நின்றிருந்தார். யார் வீடு என்று கேட்டார். சொன்னேன். யார் இங்கே நடக்கச் சொன்னது என்றார். டாக்டர் என்றேன்.

"எந்த டாக்டரு?"

தர்மபுரி டாக்டர் என்றேன்.

"அவருக்கு இந்தக் கரடு எப்படித் தெரியும்?"

அவருக்குத் தெரியாது, நானாகத்தான் வந்தேன் என்று விளக்கினேன். நம்பியதாகத் தெரியவில்லை. பிறகு என் மாமனாரைப் பற்றிச் சொன்னார். "உங்க மாமனாரு வூட்டு மீட்டரு ஒரு வருசம்கூட முன்னப் பின்ன ஓடுனதில்ல. அந்தத் தெருவுல எனக்கு சந்தேகம் இருந்த வூடு அது ஒண்ணுதான்."

யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒன்றே. யார் சொன்னாங்க, எதுக்கோசரம் சொன்னாங்க. நாளைக்கு மழை வரும் என்றாலும் அதே கேள்வி. டவுன் பஸ் நேரம் மாறிவிட்டது என்றாலும் அதே கேள்வி. பஸ் நேரத்தை மாற்றியவர்களுக்கு அதில் என்ன லாபம் என்று யோசித்துக்கொண்டே பாதி வழி வருவார்.

கூட நடக்க மாட்டார். எனக்கு இருபது அடி பின்னால்தான் வருவார். முதல் வாரம் எனக்கு அது பிடிக்கவில்லை, பயமாகவும் இருந்தது. கணவரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, ஆனாலும் இரண்டு வார்த்தைக்குமேல் வைத்துக்கொள்ளாதே என்றார். ஒருநாள் ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் எங்களுக்குப் பின்னால் வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவர் ஒதுங்கி நின்று அந்த அம்மாவையும் பன்னிரண்டு ஆடுகளையும் முன்னால் போகவிட்டார். தன் முதுகுக்குப் பின்னால் யார் வருவதும் அவருக்கு ஆகாது. அது ஆடாக இருந்தாலும் சரி.

வேலைக் காலத்துக் கதைகளைச் சொல்வார். மின்சாரம் திருடக் கம்பியில் கொக்கி போட்டவர்களை, மீட்டருக்கு மேலே காந்தம் வைத்தவர்களை அவர் கண்டுபிடித்த கதைகள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றால், மோரில் என்பார். வாசலில் நிற்கும்போதே உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து மோர் கொடுக்கிற வீட்டில் ஏதோ இருக்கிறது. தண்ணீர் மட்டும் கொடுத்தால் பாதிச் சந்தேகம். நாயை அவிழ்த்துவிட்டால் அந்த வீடு சுத்தம். முப்பது வருஷமும் அவர் யார் வீட்டிலும் ஒரு வாய் எதுவும் குடித்ததில்லையாம். எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்தபோது நான் காபி போட்டேன். டம்ளரைக் கையில் வாங்கி, அரை மணி நேரம் பேசிவிட்டு, அப்படியே ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் மனைவி அதற்கு நேர்மாறு. நல்ல வாய். நான் போனால் கம்பு அடை சுட்டுத் தந்துகொண்டே புருஷனின் கதைகளை எடுத்துவிடுவார். கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளையே ஆசாரி கடைக்குப் போய்த் தாலியை உரசிப் பார்த்தாராம். "தங்கம் சரியாத்தான் இருந்துச்சி. ‘அப்ப வேற எதுல ஏமாத்துனாங்க’ன்னு இன்னும் தேடிக்கிட்டு இருக்காரு" என்று அவர் சொன்னபோது, வாசலில் உட்கார்ந்து செருப்பைத் தட்டிக்கொண்டிருந்த மீட்டர்காரர் மறுக்கவில்லை.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. ஆனால் அவரோடு ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்தால் அவர் கண் எனக்கும் ஒட்டிக்கொண்டுவிடும். கடையை அடைத்துவிட்டு வர நேரமானது என்று கணவர் சொன்னால், என்னை அறியாமல் ஏன் என்று கேட்பேன். கேட்டுவிட்டு அவர் முகத்தையும் பார்ப்பேன். ஒருநாள் மீட்டர்காரர் என்னையே கேட்டார். மத்தியானத்தில் எங்கள் வீட்டு ஏசி ஓடுகிறது, என் கணவர் கடையில் இருக்கிறார், அப்படியானால் ஏசி யாருக்கு? நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் கேட்டார். அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் அவருக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. இரண்டு நாள் கரட்டுப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் போனேன். கோவில் திருப்பத்தில் நின்றிருந்தார். ஏசியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "சுனையில தண்ணி ஒரு முழம் எறங்கிப்போச்சி. வெயிலு குடிக்கல, வேற யாரோ எடுக்கிறாங்க" என்றார். நானும் சேர்ந்து சுனையை எட்டிப் பார்த்தேன்.

அந்த மாதங்களில்தான் நான் ஒரு காரியம் செய்தேன். நடைப் பிரியர்கள் வழிகளைப் பகிர்ந்துகொள்கிற செயலி ஒன்று என் போனில் இருந்தது. நாம் நடக்க நடக்க அது வழியை வரைபடமாக வரைந்துகொள்ளும். பிறகு நாம் நாலு வரி எழுதிப் படங்களைச் சேர்த்துவிட்டால் உலகமே பார்க்கலாம். கரட்டின் மூன்று வழிகளையும் ஏற்றினேன். ஆங்கிலத்தில் அழகாக எழுதவும் செய்தேன். எளிய வழி, எல்லா வயதினருக்கும் ஏற்றது, ஆட்டுவழியின் தொடக்கம்வரை ஜீப் போகும், செம்பாறைப் பாலைவனம் போன்ற தனிமை, வழியில் ஓர் ஆளைக்கூடப் பார்க்க மாட்டீர்கள், இங்கே யாரும் வருவதில்லை. எழுதி முடித்தபோது எனக்கே அந்த இடத்துக்குப் போக வேண்டும்போல இருந்தது. தினமும் இருபது அடி பின்னால் ஒருவர் தடியைத் தட்டிக்கொண்டு வருவதையோ, பன்னிரண்டு ஆடுகளையோ, சுனையில் துணி அலசும் பெண்களையோ எழுதினால் அந்தத் தனிமை கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

போனைப் பிடித்துக்கொண்டே நடப்பதை அவர் கவனித்துவிட்டார். அது எதற்கு என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் செயலி என்றால் என்ன, யார் நடத்துகிறார்கள், அவர்களுக்கு என்ன லாபம் என்று ஒரு வாரம் போகும். காலடியை எண்ணுகிறது என்றேன். என் முகத்தைப் பார்த்தார். "நல்லது" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவர் எதையும் இவ்வளவு சீக்கிரம் விட்டு நான் பார்த்ததில்லை.

பிரபு அந்தச் செயலியைப் பார்த்துத்தான் எங்கள் கரட்டுக்கு வந்தான். கம்பைநல்லூர்ப் பையன், இருபத்தைந்து வயதிருக்கும். அப்பா தையல் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் வந்து கோவிலடியில் நிறுத்திவிட்டு, கழுத்தில் கேமராவோடு ஏறுவான். பறவைகளைப் படம் எடுப்பான். எந்தப் பாறையில் எந்தப் பறவை, எத்தனை, எந்த நேரம் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதுவான். அக்கா, அக்கா என்று பேசுவான். ஒருமுறை மொட்டைப்பாறை இடுக்கில் ஆந்தைக் குஞ்சு இரண்டைக் காட்டினான். நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மீட்டர்காரர் ஆந்தையைப் பார்க்கவில்லை. பிரபுவின் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு ஒரு மாதம் கழித்து மொட்டைப்பாறையில் அந்தப் புள்ளியை அவர் கண்டுபிடித்தார். ரூபாய் நாணயம் அளவு வெள்ளைப் பெயிண்ட், பக்கத்தில் ஓர் எண். பத்தடி தள்ளி இன்னொன்று. மூன்றாவது புள்ளிக்குப் பக்கத்தில் பாறையில் வட்டமாக ஒரு துளை, கட்டை விரல் நுழையும். அவர் மண்டியிட்டு விரலை விட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டிய சிவப்புப் பொடியை முகர்ந்தார். "கல்லு எடுத்துப் பாத்திருக்காங்க. கல்குவாரிக்காரங்க" என்றார். அன்றைக்கு இறங்கும்போது முதன்முறையாக எந்தக் கல்லையும் தட்டாமல் இறங்கினார். எனக்கு அது என்னவோபோல் இருந்தது.

கரட்டைச் சுற்றித்தான் ஊரின் கிணறுகள். பாறையை வெடிவைத்து உடைத்தால் ஊற்றுக்கண் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்து ஊர் ஒன்றில் அப்படி ஆகியும் இருந்தது. இரண்டே நாளில் பேச்சு ஊர் முழுக்கப் பரவியது. கூடவே யார் உளவு சொன்னது என்ற பேச்சும். அதை யார் ஆரம்பித்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு பிரபு வந்தபோது கோவிலடியில் இருபது பேர் நின்றிருந்தார்கள். நான் நடந்துவிட்டு அப்போதுதான் இறங்கினேன். மீட்டர்காரர் சத்தம் போடவில்லை. பையைக் கொடு என்று கேட்டார். பிரபு சிரித்துக்கொண்டே கொடுத்தான். நோட்டை எடுத்துப் பிரித்து எல்லோருக்கும் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் தேதி, நேரம், மொ.பா. மூன்று, சு. ஐந்து என்று எண்கள்.

"மொட்டப்பாறையில மூணு, சுனையில அஞ்சி. என்ன தம்பி இது?"

"குருவிங்க. குருவி எண்ணுறேனுங்க" என்றான் பிரபு.

யாரோ சிரித்தார்கள். "குருவி எண்ணுறதுக்கு கம்பைநல்லூர்ல இருந்து பெட்ரோல் போட்டுக்கிட்டு வர்றியா? யாரு அனுப்புனாங்க உன்ன?" என்றார் மீட்டர்காரர்.

அது பறவைக் கணக்குதான் என்று நான் சொன்னேன். சொன்னேன்தான், ஆனால் என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் திரும்பி, யார் சொன்னது என்று என்னைக் கேட்டார். பிரபுதான் சொன்னான் என்றேன். மறுபடி சிரிப்பு. அதற்குள் ஒருவன் கேமராவைப் பிடித்து இழுத்தான். பிரபு விடவில்லை. வார் அறுந்து கேமரா பாறையில் விழுந்தது. கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டதும் பிரபு குனிந்தான். குனிந்தவன் கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. அடித்தது மீட்டர்காரர் இல்லை. ஆனால் அவர் தடுக்கவும் இல்லை. பிரபு அழுதுகொண்டே பைக்கைத் தள்ளிக்கொண்டு போனான். டயரில் காற்றை யாரோ பிடுங்கிவிட்டிருந்தார்கள். என்னைத் திரும்பிப் பார்ப்பான் என்று பயந்தேன். அவன் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அவனுக்கு ஒருமுறை போன் செய்தேன். எடுக்கவில்லை. எடுக்காதது எனக்கு நிம்மதியாக இருந்தது. மறுபடி செய்யவில்லை.

இரண்டு மாதத்தில் அறிவிப்பு வந்தது. கரட்டில் கல் வெட்டியெடுக்க ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார், மக்கள் கருத்தைக் கேட்கக் கூட்டம் நடக்கும் என்று. விண்ணப்பத்தோடு ஒரு தடித்த அறிக்கை. மீட்டர்காரர் அலைந்து திரிந்து அதன் நகல் ஒன்றை வாங்கிவந்தார். முழுவதும் ஆங்கிலம். ஒருவரும் மாற்றிச் சொல்லிவிடக்கூடாது என்பதால் என்னை மட்டும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். வேறு யாரையும் நம்பவில்லை என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. கதவைச் சாத்தினார், அவ்வளவுதான்.

நான் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் மனைவி முறத்தில் கொள்ளு புடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பதாவது பக்கத்திலோ என்னவோ ஒரு வரைபடம். மூன்று கோடுகள். சுனை வழி, ஆட்டுவழி, மொட்டைப்பாறை வழி. மொட்டைப்பாறையை நான் செயலியில் அவசரத்தில் ஒரு எழுத்தை விட்டுவிட்டு எழுதியிருந்தேன். இங்கேயும் அந்த எழுத்து விட்டுப்போயிருந்தது. கீழே என் வரிகள். ஆட்டுவழியின் தொடக்கம்வரை ஜீப் போகும். வழியில் ஓர் ஆளைக்கூடப் பார்க்க மாட்டீர்கள். இங்கே யாரும் வருவதில்லை. அதன் கீழே அறிக்கை எழுதியவரின் முடிவு. மேய்ச்சலுக்கோ நீருக்கோ வழிபாட்டுக்கோ மக்கள் பயன்படுத்தாத தரிசுப் பாறை.

படிப்பதை நிறுத்திவிட்டேன். முறத்தின் சத்தமும் நின்றது.

"ஏம்மா, என்ன எழுதியிருக்குது?" என்றார் மீட்டர்காரர்.

சொன்னேன். யாரும் வருவதில்லை என்று எழுதியிருக்கிறது என்றேன். அவர் எழுந்து நின்றார். "தெனம் காலையில நான் போறேன். ஆடு போவுது. யாரும் வர்றதில்லன்னு எவன் எழுதுனான்? அந்தப் பையன்தான?"

முப்பது வருஷம் வாசற்படியில் நின்று முகங்களைப் படித்த ஆள். என் முகத்துக்கு நேராக நின்றிருந்தார்.

"நான்தான்ணா எழுதுனேன்" என்றேன். போனை எடுத்துச் செயலியைத் திறந்து, வரைபடத்தையும் என் பெயரையும் காட்டினேன். காலடி எண்ணுகிறேன் என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். பிரபு குருவிதான் எண்ணினான் என்பதையும் சொன்னேன்.

போனை வாங்கிப் பார்த்தார். தாளைப் பார்த்தார். இரண்டையும் என்னிடமே கொடுத்தார்.

"இல்ல. நீ அந்தப் பையனக் காப்பாத்தறதுக்கோசரம் சொல்ற."

நான் மறுபடி சொன்னேன். அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. கதவைத் திறந்துவிட்டு, நேரமாகிறது, வீட்டுக்குப் போ என்றார். மழை வரும் என்பதைக்கூட நம்பாத மனிதர், நான் ஒப்புக்கொண்டதையும் நம்பவில்லை. வீடு வந்து சேர்ந்த பிறகும் எனக்கு அது புரியவில்லை. என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கையா, அல்லது வேறு ஏதாவதா?

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் அதிகாரிகள். கீழே எங்கள் ஊரும் பக்கத்து ஊர்களும். ஒவ்வொருவராக எழுந்து கிணற்றைப் பற்றி, முனியப்பனைப் பற்றிப் பேசினார்கள். எல்லாவற்றுக்கும் விண்ணப்பக்காரரின் தரப்பில் ஒருவர் அறிக்கையின் அதே பக்கத்தைக் காட்டி, இது மக்கள் பயன்படுத்தாத இடம், எங்களோடு சம்பந்தமில்லாத ஒருவரின் ஆதாரமே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று முந்தின நாளே கணவரிடம் சொல்லியிருந்தேன். சொன்னால் இந்த ஊரில் இருக்க முடியுமா என்று யோசித்துக்கொள் என்று மட்டும் சொன்னார்.

எழுந்து ஒலிபெருக்கியை வாங்கினேன். அந்த ஆதாரம் நான்தான் என்றேன். அந்த வரைபடம் என்னுடையது, அந்த வரிகளும் என்னுடையவை, அழகுக்காக எழுதிய பொய் என்றேன். சுனையில் துணி அலசும் பெண்களின் பெயர்களைச் சொன்னேன். ஆட்டுக்கார அம்மாவைக் காட்டினேன். ஒரு வருஷமாக என் பின்னால் இருபது அடியில் நடந்துவரும் ஒருவரைக் காட்டினேன். எங்கள் ஊர் ஆட்கள் எனக்குப் பதிலாக அடித்தது ஒரு குற்றமும் செய்யாத பையனை என்றும் சொன்னேன். அதிகாரி ஒருவர் நான் சொன்னதை எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

வெளியே வந்தபோது பெண்கள் என்னோடு பேசவில்லை. பால் ஊற்றும் அக்கா என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல ஆட்டோவில் ஏறிக்கொண்டார். என் வண்டிக்குப் பக்கத்தில் மீட்டர்காரர் நின்றிருந்தார்.

"அன்னிக்கி வூட்ல நீ சொன்னப்பவே நம்புனேன்" என்றார்.

பின்னே ஏன் இல்லை என்றீர்கள் என்று கேட்டேன்.

"நம்புனா அந்தப் பையன் முன்னாடி நான் போயி நிக்கணுமில்ல" என்றார். பிறகு கம்பைநல்லூரில் அந்தத் தையல் கடை எங்கே என்று கேட்டார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெரு என்று சொல்லிப் பிரபுவின் எண்ணையும் எழுதிக் கொடுத்தேன்.

விண்ணப்பம் திரும்பிப் போனது. மறுபடி நேரில் வந்து பார்த்து அறிக்கை எழுத வேண்டும் என்று உத்தரவானதாகச் சொன்னார்கள். கல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைப் புள்ளிகளும் இருக்கின்றன. அதற்குள் எங்கள் நிறுவனம் எல்லோரையும் அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டது. நாங்கள் ஓசூரில் வீடு பார்த்தோம். ஊரைவிட்டுப் போக அது ஒரு நல்ல காரணமாகவும் அமைந்தது. கிளம்புவதற்கு முன் விடைபெறப் போனேன். மீட்டர்காரர் வீட்டில் இல்லை. கம்பைநல்லூர் போய்விட்டு வந்தாரா என்று அவர் மனைவியிடம் கேட்டேன். "போறேன்னு சொல்லிட்டு ஒருநா பஸ் ஏறுனாரு. எங்க போயி எறங்குனாரோ, யாருக்குத் தெரியும்" என்றார்.

ஓசூருக்கு வந்த பிறகும் அது மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. போயிருப்பாரா? வழியிலேயே இறங்கித் திரும்பியிருப்பாரா? தடியால் தட்டாமல் ஒரு படிகூட ஏறாத மனிதர், தன்னை அவமானப்படுத்தக்கூடிய ஒரு வாசலில் போய் நிற்பாரா? நின்றிருக்க மாட்டார் என்றே எனக்குத் தோன்றியது. கடைசியில், அதை உறுதிப்படுத்திக்கொள்ள, பிரபுவைக் கூப்பிட்டேன். இந்த முறை எடுத்தான். மீட்டர்காரர் வந்தாரா என்று கேட்டேன்.

"வந்தாருங்க. மூணு வாரமாச்சி" என்றான். குரலில் கோபம் எதுவும் இல்லை. உள்ளே கூப்பிட்டும் வரவில்லையாம். கடை வாசலிலேயே நின்று, அப்பாவுக்கு முன்னால், தப்பு முழுக்கத் தன்மேல்தான் என்று சொன்னாராம். உடைந்த கேமராவைப் பழுது பார்க்கச் சேலத்துக்கு எடுத்துப் போனாராம்.

சரி என்றேன். போனை வைக்கப் போனேன்.

"போறப்ப உங்களப் பத்திக் கேட்டாருங்க்கா. ‘அந்தப் பொண்ணு முன்னாடியே வந்து பாத்துட்டுப் போயிருக்குமே’ன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"வரலீங்கன்னு சொன்னேன். அவரு நம்பல. ‘இல்ல, வந்திருக்கும். நீ எதுக்கோ மறைக்கிற’ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கம்பைநல்லூருக்குப் போனேன்.